‘ஆம்’ என்று டிக் அடிப்பதற்கு முன்: ரான்சம்வேரும் சைபர் காப்பீடும் – வாசகர் கேள்வி பதில்

கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்பது ரான்சம்வேர். அதனால் வரும் நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டுவது சைபர் காப்பீடு. இந்த இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில் சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோர் அனுப்பியவையே அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 22 கம்ப்யூட்டர்களும் ஒரு சர்வரும் இருக்கின்றன. 1 கோடி ரூபாய்க்கு சைபர் பாலிசி எடுக்கச் சொல்லி ஏஜென்ட் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். “ரான்சம்வேர் வந்தால் ஒரு கோடி வரை கிடைக்கும்” என்கிறார். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஒரு கோடி என்பது பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் தொகை. உங்களுக்கு உண்மையில் கிடைக்கப்போகும் தொகை ஷெட்யூல் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நான்கு சொற்களைத் தேடுங்கள்: சப்-லிமிட், டிடக்டிபிள், வெயிட்டிங் பீரியட், கோ-இன்ஷூரன்ஸ்.

ரான்சம்வேருக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைத்திருந்தால் அது சப்-லிமிட். ஒரு கோடி பாலிசியில் இது 25 லட்சமாக இருக்கலாம். உங்கள் கையிலிருந்து போக வேண்டிய முதல் தொகை டிடக்டிபிள். வேலை நின்றுபோன முதல் சில மணி நேரங்களுக்கு (8 அல்லது 12 மணி நேரம் என்பது வழக்கம்) இழப்பீடு கிடையாது என்பது வெயிட்டிங் பீரியட். மிஞ்சிய நஷ்டத்தில் இத்தனை சதவீதம் உங்களுடையது என்பது கோ-இன்ஷூரன்ஸ். ரான்சம்வேர் நஷ்டங்கள் பெருகிய பிறகு, பல நிறுவனங்கள் அதற்கு மட்டும் 50 சதவீதக் கோ-இன்ஷூரன்ஸ் சேர்க்கத் தொடங்கின.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்வர் பூட்டப்பட்டு 9 நாள் வேலை நின்றது என்று வையுங்கள். தடயவியல் ஆய்வுக்கு 6 லட்சம், தரவை மீட்டுச் சீரமைக்க 9 லட்சம். ஒரு நாள் வேலை நின்றால் மொத்த லாபத்தில் ஒன்றரை லட்சம் போகிறது. 9 நாளுக்கு 13.5 லட்சம். 12 மணி நேர வெயிட்டிங் பீரியடுக்கு 75,000 கழிந்தால் 12.75 லட்சம். ஆக மொத்தம் 27.75 லட்சம். டிடக்டிபிள் 2 லட்சம் போனால் 25.75 லட்சம். சப்-லிமிட் 25 லட்சம் என்றால் கிடைப்பது 25 லட்சம். கூடவே 50 சதவீதக் கோ-இன்ஷூரன்ஸும் இருந்தால் 25.75 லட்சத்தில் பாதி, அதாவது 12,87,500 ரூபாய்தான் கிடைக்கும். எதை முதலில் கழிப்பது, எதைப் பிறகு கழிப்பது என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். உங்கள் எண்களைக் கொடுத்து இதே கணக்கை எழுத்தில் போட்டுத் தரும்படி ஏஜென்டிடம் கேளுங்கள். வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

இன்னொன்று: வேலை நின்ற நஷ்டத்தை விற்றுமுதலை வைத்துக் கணக்கிட மாட்டார்கள். லாபத்தையும், வேலை நின்றாலும் நிற்காத சம்பளம், வாடகை போன்ற செலவுகளையும் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஷிப்மென்ட் தாமதமானதற்கு பையர் பிடிக்கும் அபராதமும் ஆர்டர் ரத்தும் பெரும்பாலான பாலிசிகளில் தானாக அடங்காது. ஏற்றுமதிக்காரருக்கு உண்மையான அடி அங்கேதான் விழும் என்பதால் அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புரபோசல் ஃபார்மில் “எம்.எஃப்.ஏ. நடைமுறையில் உள்ளதா?” என்று ஒரு கேள்வி. பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பதுதான் எம்.எஃப்.ஏ.வாம். மெயிலுக்கு ஓடிபி வருகிறது. அதனால் ‘ஆம்’ என்று டிக் அடித்தால் போதும், பிரீமியமும் குறையும் என்கிறார் எங்கள் கம்ப்யூட்டர் ஆள். சரியா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். கிளெய்ம் நிற்குமா விழுமா என்பது தாக்குதல் நடந்த அன்றைக்கு முடிவாவதில்லை. இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். இல்லினாய் மாநிலத்தின் எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்தி நிறுவனம் ஒன்று, எம்.எஃப்.ஏ. இருப்பதாகப் படிவத்தில் உறுதி கொடுத்து டிராவலர்ஸ் நிறுவனத்திடம் சைபர் பாலிசி எடுத்தது. மே மாதம் ரான்சம்வேர் தாக்கியது. விசாரித்ததில், எம்.எஃப்.ஏ. நெட்வொர்க்கின் காவல் வாசலான ஃபயர்வாலுக்கு மட்டுமே இருந்தது, சர்வருக்கு இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கண்டது. ஜூலையில் நீதிமன்றம் போனது. இந்தக் கிளெய்மை மட்டும் மறுக்கவில்லை. பாலிசியே ஆரம்பம் முதல் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டது. கடைசியில் இரு தரப்பும் சம்மதித்து பாலிசி ரத்தானது. அந்த நிறுவனத்திலும் எங்கோ ஓரிடத்தில் எம்.எஃப்.ஏ. இருந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் மெயில் ஓடிபியும் அதே நிலையில்தான் இருக்கிறது.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் இடரைப் பாதிக்கும் எல்லா விவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டிய கடமை காப்பீடு எடுப்பவருடையது. இந்தியச் சட்டத்திலும் இதுவே நிலை. கம்ப்யூட்டர் ஆள் சொன்னார் என்பது பின்னால் எடுபடாது, ஏனென்றால் கையெழுத்து உங்களுடையது.

எம்.எஃப்.ஏ. என்று அவர்கள் கேட்பது குறைந்தது நான்கு இடங்களைப் பற்றி: மெயில், வெளியிலிருந்து உள்ளே வரும் வழிகள் (வி.பி.என். என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்), சர்வரின் அட்மின் கணக்குகள், பேக்கப் மென்பொருளின் நிர்வாகத் திரை. 2021 மே மாதம் அமெரிக்காவின் காலனியல் பைப்லைனுக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக. அதற்கு வெறும் பாஸ்வேர்டு மட்டுமே இருந்தது. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், பிணைத்தொகையாகப் போனது.

நம் ஊர் சிறு அலுவலகங்களில் வழக்கமான ஓட்டை இன்னும் எளிமையானது. வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று யாரோ ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்புக்கான நுழைவாயிலை, திறந்து வைத்திருப்பார்கள். இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கைபேசியில் அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ரிமோட் டெஸ்க்டாப் செயலியைத் திறந்து, அலுவலகத்தின் பொது ஐ.பி. முகவரியைத் தட்டுங்கள். லாகின் பெட்டி வந்துவிட்டால் உலகமே அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டி வராவிட்டாலும் ரவுட்டரின் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். போர்ட் எண்ணை 3390 என்று மாற்றி வைப்பது தீர்வல்ல. ஸ்கேன் செய்யும் மென்பொருள்கள் எல்லா எண்களையும் பார்க்கும். போர்ட்டை மூடிவிட்டு, எம்.எஃப்.ஏ. உள்ள வி.பி.என். போடுங்கள். மென்பொருள் சர்வீஸ்காரருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் நிலையான பாஸ்வேர்டு வைத்து எனிடெஸ்க் என்ற தொலை இயக்கச் செயலியைக் கொடுத்திருந்தால் அதுவும் ஒரு திறந்த கதவுதான்.

படிவத்தை நிரப்பும்போது ‘ஆம் / இல்லை’ கட்டத்தோடு நிறுத்தாதீர்கள். தனித்தாளில் எழுதி இணையுங்கள்: “மெயிலுக்கும் வி.பி.என்.னுக்கும் எம்.எஃப்.ஏ. உண்டு. சர்வர் அட்மின் கணக்குக்கு இல்லை. இன்ன தேதிக்குள் போடப்படும்.” அமைப்புத் திரைகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பிரீமியம் சில ஆயிரம் கூடும், கூடட்டும். இடையில் புதிய கிளை, புதிய சர்வர், புதிய ரிமோட் இணைப்பு வந்தால் ரினியூவல் வரை காத்திராமல் மெயிலில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே தீ விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறோம். அதில் கம்ப்யூட்டரும் அடக்கம். போதாதா? – ஒரு வாசகர், சிவகாசி

பதில்: போதாது. அது இயந்திரம் எரிந்தால், உடைந்தால் தரும். ரான்சம்வேரில் இயந்திரம் அப்படியே இருக்கும், தரவுதான் போகும். இப்போதைய சொத்துக் காப்பீடுகளில் சைபர் நஷ்டத்தை வெளிப்படையாக விலக்கும் பிரிவும் இருக்கும்.

கேள்வி: எங்கள் 60 படுக்கை மருத்துவமனையின் மென்பொருள் முழுவதும் வெளி நிறுவனம் ஒன்றின் கிளவுடில் ஓடுகிறது. தாக்குதல் அவர்கள் மேல் நடந்து எங்கள் வேலை நின்றால் எங்கள் பாலிசி கை கொடுக்குமா? – ஒரு மருத்துவர், மதுரை

பதில்: ‘டிபென்டன்ட் பிசினஸ் இன்டரப்ஷன்’ என்ற பிரிவு இருந்தால் மட்டும். சில பாலிசிகளில் அது மென்பொருள், கிளவுட் சேவை தருபவர்களுக்கு மட்டும் பொருந்தும். சிலவற்றில் சேவையாளரின் பெயரைப் பட்டியலில் எழுதிக் கொடுத்திருந்தால்தான் செல்லும்.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் 2024 ஜூலை 31. சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் சேவையில் இருந்த கிட்டத்தட்ட 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றம், ரான்சம்வேர் காரணமாகத் தடைபட்டது. பரவாமல் தடுக்க, வங்கிகளிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அந்த நிறுவனத்தைத் தன் அமைப்பிலிருந்து துண்டித்து வைத்து, மறுநாள் மீண்டும் இணைத்தது. அந்த வங்கிகள் எதுவும் தவறு செய்யவில்லை. அடி மட்டும் வாங்கின. தடை ஒரு நாள்தான் என்பதையும் பாருங்கள். 12 மணி நேர வெயிட்டிங் பீரியட் உள்ள பாலிசியில் அதில் பாதி அப்படியே கழிந்துபோகும். மருத்துவமனைக்கு 6 அல்லது 8 மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

காகிதத்தில் வேலை நடத்தும் கூடுதல் செலவு பாலிசியில் வருகிறதா என்றும் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டபோது 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிப் பதிவு, பரிசோதனை முடிவு, பில் எல்லாம் சுமார் இரண்டு வாரம் கையால் எழுதி நடந்தன. கூடுதல் ஆட்கள், ஓவர்டைம், பிறகு அந்தக் காகிதங்களை மீண்டும் கணினியில் ஏற்றும் வேலை என்று செலவு நீளும். ஒரு நாளைக்கு எத்தனை ஓ.பி. சீட்டு, லேப் படிவம், மருந்துச் சீட்டு தேவை என்று எண்ணிப் பத்து நாளுக்கு வேண்டியதை இப்போதே அச்சடித்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு அரசு ஏவிய தாக்குதல் என்றால் ‘போர்’ என்று சொல்லிப் பணம் தரமாட்டார்களாமே? – ஒரு வாசகர், சென்னை

பதில்: இந்தச் சண்டை ஒன்றரை நூறு கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவான தொகைக்கு நடந்தது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா கிளம்பியது. பிணைத்தொகை கேட்கும் திரை வந்தாலும் அது அழிப்பதற்காகவே எழுதப்பட்டது. மெர்க் என்ற மருந்து நிறுவனத்தில் 90 வினாடிக்குள் சுமார் 10,000 கணினிகள், 5 நிமிடத்துக்குள் சுமார் 20,000, கடைசியில் 40,000க்கும் மேல். நஷ்டம் 140 கோடி டாலர் என்று தன் சொத்துக் காப்பீட்டில் கேட்டது. ரஷ்யாவின் தாக்குதல், ஆகவே போர் விலக்கு பொருந்தும் என்று காப்பீட்டாளர்கள் மறுத்தார்கள். நியூ ஜெர்சி நீதிமன்றம் மெர்க் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 மே மாதம் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 2024 ஜனவரியில் மீதிக் காப்பீட்டாளர்கள் சமரசத்துக்கு வந்தார்கள்.

வழக்கில் தோற்றவர்கள் பாலிசியின் வாசகத்தை மாற்றினார்கள் என்பதுதான் நமக்குப் பொருந்தும் பகுதி. லண்டன் லாய்ட்ஸ் சந்தை 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டு, 2023 மார்ச் 31 முதல் அரசு ஆதரவு பெற்ற சைபர் தாக்குதல்களுக்கான விலக்கைத் தனிச் சைபர் பாலிசிகளில் சேர்க்கச் சொன்னது. மறுகாப்பீட்டின் (காப்பீட்டு நிறுவனங்களே எடுத்துக்கொள்ளும் காப்பீட்டின்) வழியாக இத்தகைய வாசகங்கள் இந்தியப் பாலிசிகளுக்கும் வருகின்றன. ரான்சம்வேர் கும்பல்களில் பெரும்பாலானவை பணத்துக்காக வேலை செய்பவை. அவற்றுக்கு இந்த விலக்கு எளிதில் பொருந்தாது. ஆனால் யார் ஏவியது என்பதை யார் முடிவு செய்வது, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற இரண்டையும் பாலிசியில் படியுங்கள். பொறுப்பு காப்பீட்டாளருடையது என்று தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: காலையில் வந்து பார்த்தால் எல்லாத் திரையிலும் பணம் கேட்கும் அறிவிப்பு. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். ஸ்விட்சிலிருந்து கேபிள்களைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், இன்டர்நெட் லைனை எடுங்கள். கம்ப்யூட்டரின் பவரை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் தாக்குதலின் தடயம் இருக்கும். அபூர்வமாகச் சாவியே அங்கே இருக்கலாம். அணைத்தால் போய்விடும். நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வழியே இல்லாமல், கோப்புகள் கண்ணெதிரே பூட்டப்பட்டுக்கொண்டே போனால் மட்டும் அணையுங்கள்.

பேக்கப் டிஸ்க் எதையும் ‘சரியாக இருக்கிறதா பார்க்கலாம்’ என்று செருகாதீர்கள். செருகிய நிமிடமே அதுவும் பூட்டப்படும். அறிவிப்பையும், கோப்புப் பெயர்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் புதிய எழுத்துகளையும், நேரத்தையும் கைபேசியில் படம் எடுங்கள்.

அடுத்து பாலிசியில் உள்ள அவசர எண்ணுக்குப் பேசுங்கள். சொந்தக் கைபேசியிலிருந்து பேசுங்கள், அலுவலக மெயிலில் எழுதாதீர்கள். தாக்குபவர் அந்த மெயிலைப் படித்துக்கொண்டிருக்கலாம். தடயவியல் ஆய்வாளர், வழக்கறிஞர் எல்லாம் காப்பீட்டாளரின் பேனலில் இருப்பார்கள். அவர்கள் சம்மதமில்லாமல் நீங்களே ஆள் வைத்துச் செய்த செலவைத் திரும்பத் தரமாட்டார்கள். இந்த ஒரு காரணத்தால் கிடைக்காமல் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28இல் வந்த உத்தரவு இது. நிறுவனங்கள் அனைத்துக்கும் பொருந்தும். அதே உத்தரவுப்படி கணினிகளின் லாக் பதிவுகளை (யார் எப்போது நுழைந்து என்ன செய்தார்கள் என்ற குறிப்புகளை) 180 நாட்களுக்கு வைத்திருக்கவும் வேண்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். அந்த நகலைக் கிளெய்முக்குக் கேட்பார்கள்.

பெரும்பாலான இடங்களில் எல்லாவற்றையும் கெடுப்பது நல்லெண்ணம்தான். கம்ப்யூட்டர் ஆள் அவசரமாக வந்து சர்வரை ஃபார்மேட் செய்து புது விண்டோஸ் ஏற்றிவிடுவார். எப்படி நுழைந்தார்கள் என்ற தடயம் அத்தோடு போகும். அது போனால், நுழைந்த வழி அடைக்கப்படாமல் கிடக்கும். சில நாளில் மறுபடி பூட்டுவார்கள். தாக்குதல் பாலிசிக் காலத்துக்குள் நடந்ததா என்று காட்டவும் வழியிருக்காது. அவசரமாக வேலையைத் தொடங்கியே ஆக வேண்டும் என்றால் பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டிப் பீரோவில் வையுங்கள். புது டிஸ்க் வாங்கிப் போட்டு ஏற்றுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும் காரியம் இது.

பாலிசி நகலைச் சர்வரில் வைக்கவே வைக்காதீர்கள். 2023இல் ஹார்ட்பிட் என்ற ரான்சம்வேரின் அறிவிப்பு, காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று ரகசியமாகச் சொல்லும்படி பாதிக்கப்பட்டவரிடமே கேட்டது. தொகை தெரிந்தால் அதற்கு ஏற்பக் கேட்பார்கள். காகித நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும், அவசர எண் இரண்டு பேரின் கைபேசியில் இருக்கட்டும்.

கேள்வி: பிணைத்தொகையைக் காப்பீட்டு நிறுவனமே கட்டிவிடுமா? கட்டுவது குற்றமா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: பல பாலிசிகளில் ‘எக்ஸ்டார்ஷன்’ பிரிவு உண்டு. முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் பெற்றுக் கட்டியிருந்தால் மட்டும் திருப்பித் தருவார்கள். பிரான்சில் ஆக்ஸா நிறுவனம் 2021 மே மாதம், பிணைத்தொகையைத் திருப்பித் தரும் பாலிசிகளை அங்கே இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தது. எல்லாரும் அந்த வழியில் போகவில்லை.

இந்தியாவில் பிணைத்தொகை கட்டுவதையே நேரடியாகத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பணம் தடைசெய்யப்பட்ட அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தால் வேறு சட்டங்கள் பாயும். கிரிப்டோ சேவை நிறுவனங்கள் 2023 மார்ச் முதல் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால், பிட்காயின் வாங்கும் இடத்திலும் கேள்வி வரும். அமெரிக்கக் கருவூலத்தின் ஓஃபாக் அலுவலகம் 2020 அக்டோபரிலும் 2021 செப்டம்பரிலும் எச்சரித்தது: தடைப் பட்டியலில் உள்ளவருக்குப் பணம் போனால், கட்டியவரோடு காப்பீட்டாளரும் இடையில் உதவியவரும் பொறுப்பாவார்கள். அதனால் எந்தக் கும்பல் என்று தெரியாமல் காப்பீட்டாளர் சம்மதிக்க மாட்டார்.

எங்கள் கருத்து கட்டாதீர்கள் என்பதே. சாவி கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. காலனியல் பைப்லைனுக்குக் கிடைத்த சாவி மென்பொருள் அவ்வளவு மெதுவாக இருந்ததால் அவர்கள் தங்கள் பேக்கப்பையும் சேர்த்தே நம்ப வேண்டியிருந்தது. திருடிய தரவை வெளியிடாமல் இருக்கவே பணம் கேட்கும் இரட்டை மிரட்டலில் நிலைமை இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் லாக்பிட் கும்பலின் சர்வர்களைப் பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு முகமை கைப்பற்றியபோது, பணம் கட்டியவர்களின் தரவும் அழிக்கப்படாமல் அங்கே கிடந்தது. முதலில் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் ஒரு பூட்டப்பட்ட கோப்பையும் அறிவிப்பையும் ஏற்றிப் பாருங்கள். யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கியது; பழைய வகைகள் பலவற்றுக்கு இலவசச் சாவி அங்கே உண்டு.

கேள்வி: 2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல்கள் அழிந்துபோனபோது பேக்கப் இருந்தும் பயன்படவில்லை என்றார்கள். அது எப்படி? நாங்கள் என்ன மாதிரி வைத்துக்கொள்வது? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பேக்கப்பும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால். லங்கா அரசு கிளவுடைத் தாக்கிய ரான்சம்வேர், இணைப்பில் இருந்த பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டியது. 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான காலத்துக்கு ஆஃப்லைன் நகல் இல்லாததால் சுமார் 5,000 அரசு முகவரிகளின் அஞ்சல்கள் போயின. அங்கே ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மெயில் சர்வர் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்புக்கு அதே ஆண்டு ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்தியிருந்தது.

உள்ளே வந்தவர்கள் உடனே பூட்டுவதில்லை. சில நாள் சுற்றிப் பார்த்து முதலில் பேக்கப்பைத் தேடுவார்கள். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளை ஒரே கட்டளையில் அழிப்பார்கள். ‘இசட்’ டிரைவ் என்று எல்லாருக்கும் தெரியும்படி மாட்டியிருக்கும் என்.ஏ.எஸ். என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, அவர்களுக்கு இன்னொரு ஃபோல்டர்தான்.

சிறு அலுவலகத்துக்கு இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் போதும். திங்கட்கிழமைக்கு ஒன்று, வியாழக்கிழமைக்கு ஒன்று. நகல் எடுத்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். எப்போதும் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியான பிட்லாக்கரைப் போட்டு, சாவியைக் காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். இதோடு, குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியுள்ள கிளவுட் நகல் ஒன்று. என்.ஏ.எஸ். இருந்தால் அதற்குத் தனி அட்மின் பெயர், தனி பாஸ்வேர்டு. அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் சேர்க்காதீர்கள்.

மீட்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போதே கணக்கிடுங்கள். 2 டெராபைட் தரவு, வெளி டிஸ்கிலிருந்து வினாடிக்கு 100 மெகாபைட் வீதம் வந்தால் ஐந்தரை மணி நேரம். அதையே 100 எம்.பி.பி.எஸ். இணையத்தில் கிளவுடிலிருந்து இறக்கினால் சுமார் 44 மணி நேரம், அதுவும் லைன் ஒரு நொடி கூடத் தடுமாறாமல் இருந்தால்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனிக் கம்ப்யூட்டர் ஒன்றில் டேலி ஃபோல்டரை மீட்டுத் திறந்து, கடைசி நாள் இருப்புத்தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். தேதி போட்டு இரண்டு பேர் கையெழுத்திட்ட ஒரு பக்கத்தைக் கோப்பில் சேருங்கள். ‘பேக்கப் சோதிக்கப்படுகிறதா?’ என்ற படிவக் கேள்விக்கு அந்தப் பக்கமே சான்று.

இது இல்லாமல் பாலிசி மட்டும் காப்பாற்றாது. இங்கிலாந்தில் 158 ஆண்டுப் பழமையான கே.என்.பி. என்ற லாரி நிறுவனத்தை 2023 ஜூனில் அகிரா கும்பல் தாக்கியது. ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்ததாக நிறுவனம் கருதியது. சுமார் 500 லாரிகள்; சைபர் காப்பீடும் இருந்தது. நிதிக் கணக்குகள் பாதிக்கப்பட்டதால் புதிய கடனும் முதலீடும் திரட்ட முடியாமல் அதே ஆண்டு செப்டம்பரில் மூடியது. ஏறத்தாழ 700 பேருக்கு வேலை போனது.

கேள்வி: பிரீமியம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? – ஒரு வாசகர், சேலம்

பதில்: ரான்சம்வேர் கிளெய்ம்கள் குவிந்ததால் 2021இன் கடைசிக் காலாண்டில் அமெரிக்காவில் சைபர் காப்பீட்டு விலை சராசரியாக 130 சதவீதம் ஏறியது என்று மார்ஷ் என்ற காப்பீட்டுத் தரகு நிறுவனம் கணக்கிட்டது. அந்தச் சமயத்தில்தான் எம்.எஃப்.ஏ., ஆஃப்லைன் பேக்கப், அப்டேட் ஒழுங்கு எல்லாம் கட்டாயக் கேள்விகளாயின. இடர் குறைந்தது, போட்டி கூடியது. 2023 முதல் விலை இறங்கியது. இங்கே பிரீமியத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்.

கேள்வி: வீட்டு லேப்டாப்புக்குத் தனிநபர் சைபர் பாலிசி எடுத்திருக்கிறேன். அதில் கடைக் கணக்கும் பார்க்கிறேன். ரான்சம்வேர் வந்தால்? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தனிநபர் பாலிசிகள் பொதுவாகத் தொழில் பயன்பாட்டை விலக்கிவிடும். கடைக் கணக்கை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள், அல்லது கடைக்கென்று சிறு வணிகப் பாலிசி எடுங்கள்.

கேள்வி: தாக்குதல் பாலிசி எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லிக் கிளெய்மை மறுத்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. எங்கே போவது? – ஒரு வாசகர், கரூர்

பதில்: ஷெட்யூலில் ‘ரெட்ரோஆக்டிவ் டேட்’ என்ற தேதியைப் பாருங்கள். உள்ளே நுழைந்தது அந்தத் தேதிக்குப் பிறகு என்றால், பாலிசி தொடங்குவதற்கு முன்பே நுழைந்திருந்தாலும் மறுக்கும் காரணம் வலுவிழக்கும். நீங்கள் அறிந்திருக்கவில்லை என்பதும், கண்டுபிடித்தது பாலிசிக் காலத்துக்குள் என்பதும் முக்கியம். மறுப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தடயவியல் அறிக்கையின் முழு நகலையும் கேளுங்கள். முதல் நுழைவு எந்தத் தேதி, அதற்கு ஆதாரம் எந்த லாக் என்று அதில் இருக்க வேண்டும். 180 நாள் லாக் வைத்திருந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் பலன் தெரியும்.

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. தனிநபர், ஒற்றை உரிமையாளர் நிறுவனம், குறுந்தொழில் நிறுவனம் ஆகியோர் 50 லட்சம் ரூபாய் வரை அங்கே கேட்கலாம். அதைவிடப் பெரிய நிறுவனம் என்றால் நுகர்வோர் ஆணையம். வணிக நிறுவனம் எடுத்த காப்பீடு என்ற ஒரே காரணத்தால் அது நுகர்வோர் இல்லை என்று தள்ளிவிட முடியாது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல, கட்டிய பிரீமியத்தைப் பொறுத்தது. 50 லட்சம் வரை பிரீமியம் என்றால் மாவட்ட ஆணையம். உங்கள் வழக்கைக் கரூரிலேயே தொடுக்கலாம். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுத்துவிடுங்கள்.